ஓடை மெலிந்த சனிக்கிழமை

புரட்டாசி முடியக்கூட இல்லை.
ஐப்பசிக்கு வரவேண்டிய மழை
வியாழன் இரவே வந்து கதவைத் தட்டியது.
சாப்டூர் சோதனைச் சாவடியின் மழைமானியில்
விடியும்போது நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்.
இரண்டு தரம் அளந்தேன்.
பதிவேட்டில் எழுதி,
படிக்க ஆளில்லை என்று தெரிந்தும்
அடிக்கோடு போட்டேன்.

வெள்ளி முழுக்க மலை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வானம் வெளுத்தது.
எனக்கு அதுதான் பயம்.
பெய்யும்போது யாரும் மலையேறக் கேட்பதில்லை.
பெய்து ஓய்ந்து,
பாறையெல்லாம் எண்ணெய் தேய்த்த முதுகாய் மினுங்கி,
உச்சியில் ஒரே ஒரு மேகம்
வழி தெரியாமல் நிற்கிற நாளில்தான்
மதுரையிலிருந்து வண்டி கிளம்பும்.

ஏழு பேர். இலந்தைக்குளத்துக் கம்பெனி ஒன்று.
முன்னால் நின்றவர் ஹரிகேஷ்.
கையில் அனுமதிக் கடிதம்,
போன மாதத்து முத்திரையோடு.
முத்திரை வைத்த அன்று இது வேறு மலை.

சொன்னேன்:
மாசியில மேற்குச் சரிவு எரிஞ்சது. நாலு நாள்.
வெந்த மண்ணு, எண்ணெய் தடவின தோசைக்கல்லு மாதிரி
தண்ணி ஒட்டாத தோலா அடியில கெடக்கு.
அதுக்கு மேல கோடைக் காத்து கொட்டின புழுதி,
சாம்பல், சருகு, உருட்டுக்கல்லு.
இப்ப அத்தனையும் நனைஞ்சிருக்கு.
மேல இருக்கிறது கனம்.
கீழ பிடிச்சுக்க ஒண்ணுமில்ல.

ஒச்சப்பன் கேட்டுக்கொண்டிருந்தார்.
பதினேழு வருஷம் பட்டாளம்,
அதில் இரண்டு குளிர்காலம் பனிமலையில்.
இப்போது எங்கள் தற்காலிகக் காவலர்,
சம்பளம் மூன்று மாதம் பாக்கி.
“அங்கயும் இதே கததான் மேடம்.
காலத்துக்கு முந்திப் பெய்யிற மொதப் பனி
அடியில கெடந்து அஸ்கா மாதிரி உதிந்துபோகும்.
அதுமேல ஆளுயரம் பெய்யும். பாத்தா மெத்தை.
ஒருத்தன் கால வெப்பான்.
உள்ளேருந்து ‘ம்’னு ஒரு சத்தம்.
மலை ஒத்துக்கிட்ட மாதிரி.”

எத்தனை பேர் என்று ஹரிகேஷ் கேட்டார்.
ஒச்சப்பன் டீ வாங்கப் போய்விட்டார்.

“ஓடையப் பாருங்க மேடம்,
தண்ணி நல்லா கொறஞ்சிருச்சு,
இப்பவே தாண்டிரலாம்” என்றாள் ஜெனிட்டா,
ஷூவின் கயிற்றை இறுக்கியபடி.
பார்த்தேன்.
அரைமணிக்கு முன் கல் உருட்டிக் கத்திய ஓடை
கணுக்காலுக்கு இறங்கி,
ஆறிய காபி நிறத்தில்
ஒட்டுக்கேட்பவனைப் போல
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவு மழைக்கப்புறம்
ஓடை அரைமணியில் மெலியாது.
மேலே எங்கோ மரமும் மண்ணும் சரிந்து
குறுக்கே படுத்திருக்கிறது.
அதன் முதுகுக்குப் பின்னால்
தண்ணீர் சேர்ந்துகொண்டிருக்கிறது.

குறுக்குக் கம்பியை இறக்கிப் பூட்டினேன்.
சாவி என் சட்டைப்பையில்.

பிறகு நடந்தது:
ஒன்றுமில்லை.
பத்து மணி. பதினொன்று.
ஈர மண்ணில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்.
ஏழு பேரின் பார்வையிலும் பெட்ரோல் செலவு இருந்தது.
ஒருவர் மேலதிகாரியின் எண் கேட்டார்.
நானே சொல்லி எழுதவைத்தேன்.
மேலதிகாரி என்னிடம் கேட்டார்:
“கண்ணால பாத்தியாம்மா?”
இல்ல சார்.
“பெறகு?”

பேரையூரில் பரோட்டா சாப்பிட்டு
அவர்கள் திரும்பியதாகக் கேள்வி.

செவ்வாய் இரவு.
ஒரு பொட்டு மழை இல்லை, நட்சத்திரம்கூட இருந்தது.
இரண்டு மணி பத்துக்கு
முதலில் வாசனை வந்தது,
பிளந்த பச்சை மரமும் புது மண்ணும்.
அப்புறம்தான் சத்தம்.
சாவடியின் தகரம் பல்லைக் கடித்தது.
ஒச்சப்பன் எழுந்து உட்கார்ந்து
பூட்ஸைத் தேடினார்,
இருபது வருஷத்துக்கு முந்தைய பூட்ஸை.

விடிந்து பார்த்தால்
பாதை இருந்த இடத்தில்
ஓர் இலுப்பை வேர் மேலாக நின்றது.
ஆள் சேதம் இல்லை.
அதனால் செய்தியும் இல்லை.

படம் எடுத்தேன்.
ஹரிகேஷின் எண் கடிதத்தில் இருந்தது.
கட்டைவிரல் அனுப்பும் குறி மேல்
கொஞ்ச நேரம் நின்றது.
சரியாகச் சொன்னேன் என்று
யாரிடம் சொல்லி என்ன?
அழித்துவிட்டு
பதிவேட்டில் ஒரு வரி எழுதினேன்.

சனிக்கிழமை வானம் தெளிவாக இருக்குமாம்,
வானொலி சொல்கிறது.
கம்பியின் கீலுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.